உலகம்மாளின் முன்கை

ஜூன் 2, திங்கள்

காலை எட்டு மணிக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். ஆட்டோவில்தான். எங்கள் ஸ்கூட்டர் இரண்டு மாதமாக முன்வாசலில் பழைய போர்வைக்குள் நிற்கிறது. அதை ஓட்டுகிறவள் என் மனைவி உலகம்மாள். எனக்கு ஓட்டத் தெரியாது. பதினெட்டு வருடமாகப் பின்னால் உட்கார்ந்துதான் தென்காசி முழுக்கச் சுற்றுகிறேன். ஏப்ரலில் ஆய்க்குடி ரோட்டில் ஓர் எருமை படுத்திருந்தது. அது அவளுக்கு ரோடாகவே தெரிந்திருக்கிறது. நான் போட்ட சத்தத்தில் எருமை பிழைத்தது. பரிசோதித்தபோது இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றியே விட்டது என்றார்கள். அன்றிலிருந்து அவள் வண்டியைத் தொடவில்லை. ஆள் பாதியாகிவிட்டாள். எடையில் அல்ல.

ஆபரேஷன் பதினொன்றாம் தேதி என்று முன்பே குறித்துவிட்டார்கள். அதை விட்டால் அடுத்த தேதி ஆகஸ்ட் கடைசியில்தான். இன்று ரத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். சரியாக இருந்தது. பிரஷரில்தான் சிக்கல்.

சிஸ்டர் பியூலா அவள் மேல்கையில் பட்டையைச் சுற்றினார். சுற்று முடிவதற்குள் பட்டை முடிந்துவிட்டது. இழுத்துப் பிடித்து ஒட்டினார். காற்று ஏறியது. ‘டர்ர்’ என்று பிய்த்துக்கொண்டு பட்டை மேசைக்கு அடியில் போய் விழுந்தது. இரண்டாம் தடவை சிஸ்டர் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டார். 188/102.

“அம்மாவுக்குக் கை நல்ல திரட்சி. இந்தப் பட்டை பத்தாது” என்றார் சிஸ்டர்.

“எனக்கு ஜாக்கெட் தைக்கிறவளும் இதத்தான் சொல்லுதா. அவ துணி கூடக் கேக்கா. நீங்க என்ன கேக்கப் போறிய?”

சிஸ்டர் சிரித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். பட்டை சின்னதாக இருந்தால் இல்லாத பிரஷரைக் காட்டுமாம். பெரிய பட்டை வர இன்னும் பத்து நாள் ஆகுமாம். அதுவரை முன்கையில், அதாவது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் கட்டிப் பார்க்கலாமாம். கை மேசை மேல் நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். அப்படிக் கட்டியதில் 156/88.

“முன்கையில கொஞ்சம் கூடத்தான் காட்டும் சார். அதனால பயப்பட வேண்டாம்.”

டாக்டர் ஷமீமா இளம் வயது. தீர்மானமாகப் பேசுகிறார். ஒரு வாரம் வீட்டிலேயே காலையும் மாலையும் முன்கையில் அளந்து எழுதிக்கொண்டு பத்தாம் தேதி வரச் சொன்னார். நூற்றறுபதுக்குக் கீழே இருந்தால் ஆபரேஷன். இல்லாவிட்டால் முதலில் பிரஷரைக் குறைத்துவிட்டு ஆகஸ்டில் பார்க்கலாம்.

“யார் எழுதப் போறது?” என்று டாக்டர் கேட்டார்.

“முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் வாத்தியார்” என்றேன்.

“அப்போ கவலையில்ல” என்றார்.

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் மகன் முகிலன் போன வருடம் புனேயிலிருந்து அனுப்பிய பிரஷர் மெஷின் பீரோவில் பிரிக்காமலே இருந்தது. எடுத்தேன்.

நேற்றிலிருந்து ஒரு சொல் என்னை உறுத்துகிறது. ‘கொஞ்சம் கூடத்தான் காட்டும்’ என்றார் சிஸ்டர். கொஞ்சம் என்றால் எவ்வளவு? ரசத்துக்குக் கொஞ்சம் உப்பு என்றால் அடுப்படியில் புரியும். அளவீட்டில் கொஞ்சம் என்று ஓர் எண் கிடையாது.

பத்தாம் வகுப்பில் திருகு அளவி என்று ஒரு கருவி உண்டு. கம்பியின் தடிமனை அளக்க. அளப்பதற்கு முன் ஒன்றுமே வைக்காமல் திருகி மூடிப் பார்க்க வேண்டும். சுழியைக் காட்டினால் நல்லது. இரண்டு காட்டினால் அது கருவியின் சுழிப்பிழை. பிறகு எதை அளந்தாலும் இரண்டைக் கழித்துவிட வேண்டும். இதைச் செய்யாத பையன்களுக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

அதே முறைதான் இங்கும். பிரஷர் எவ்வளவு என்று முன்பே தெரிந்த ஒருவரின் முன்கையில் கட்டிப் பார்த்தால், முன்கை எவ்வளவு கூடக் காட்டுகிறது என்று தெரிந்துவிடும். வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார். எனக்கு 120/80. ஓய்வு பெற்றபோது வாங்கிய மருத்துவச் சான்றிதழில் எழுதியிருக்கிறது.

என் முன்கையில் கட்டினேன். 172/98.

அப்பாடா! ஐம்பத்திரண்டு கூடக் காட்டுகிறது. ‘கொஞ்சம்’ என்றாரே அந்த சிஸ்டர்!

உலகம்மாளுக்குக் கட்டினேன். 154/88. மேலே ஐம்பத்திரண்டும் கீழே பதினெட்டும் கழித்தால் 102/70. இளம்பெண்ணின் பிரஷர். சொன்னேன்.

“எனக்கா? நேத்து பட்டையப் பிச்செறிஞ்ச கைக்கா?”

“அறிவியல், உலகு.”

“உங்க மேல்கையிலயும் ஒரு தடவ கட்டிப் பாருங்களேன்.”

தெரிந்ததை எதற்கு அளக்க வேண்டும் என்று விளக்கினேன். நம் வீட்டுக் கதவு எண்ணைத் தெருவில் போய் விசாரிப்போமா? அவள் முழுவதையும் கேட்காமல் தோசையைத் திருப்பப் போய்விட்டாள்.

நோட்டில் இரண்டு பத்தி போட்டிருக்கிறேன். ‘உ’ அவள், ‘கு’ நான். டாக்டருக்குக் கொடுக்கத் தனியாக ஒரு வெள்ளைத் தாளில் திருத்திய எண்கள் மட்டும்.

ஜூன் 4, புதன்

கு 174/98. உ 150/86. திருத்தியது 96/68. மாலையிலும் ஏறக்குறைய அதே. குக்கர் விசில் போய்விட்டது, வாங்க வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

கருவியின் பிழை வளர்கிறது. இன்று என் முன்கையில் 178/100. பிழை ஐம்பத்தெட்டு. புது மெஷினே இப்படி என்றால் என்ன செய்வது! உலகம்மாளுக்கு 148/86. திருத்தினால் 90/66.

இது எனக்குப் பிடிக்கவில்லை. நூற்றிரண்டு, தொண்ணூற்றாறு, தொண்ணூறு. மூன்று நாளில் பன்னிரண்டு இறக்கம். கோடு போட்டுப் பார்த்தேன். மாணவர்களிடம் வரைபடத்தாளில் கோட்டை நீட்டி அடுத்த மதிப்பைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். நானே நீட்டினேன். நீட்டியிருக்க வேண்டாம்.

அவளிடம் எண்ணைச் சொல்லவில்லை. தலை சுற்றுகிறதா என்று மட்டும் கேட்டேன்.

“நீங்க கேட்டுக் கேட்டுத்தான் சுத்துது.”

குறைந்த பிரஷருக்கு உப்பு நல்லது. ஒரு சொம்பு மோரில் இரண்டு கரண்டி உப்புப் போட்டுக் கொடுத்தேன். புறவாசலுக்குக் கொண்டுபோய்க் காற்றாடக் குடித்துவிட்டு வந்தாள். சொம்பு காலி. நல்ல பிள்ளை.

ஜூன் 6, வெள்ளி

சாரல் தொடங்கிவிட்டது. காலையிலிருந்து எனக்குப் பின்மண்டையில் ஒரு கனம். தலையணையை மாற்ற வேண்டும். பஞ்சு கட்டிதட்டிவிட்டது.

மோர் இரண்டு வேளை. கூடவே நார்த்தங்காய் ஊறுகாய். ஊறுகாயை இலையின் ஓரத்தில் நகர்த்திவைத்தே சாப்பிட்டாள். வற்புறுத்தினேன்.

“உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள நெனச்சா பாவமா இருக்கு” என்றாள்.

கு 180/102. உ 146/84. திருத்தியது 86/62.

இவ்வளவு உப்புக் கொடுத்தும் இறங்குகிறது.

ஜூன் 7, சனி

தலையணை மாற்றியும் கனம் போகவில்லை. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சாரல் காற்று.

கு 184/104. உ 146/84. திருத்தியது 82/60.

அவள் மாவாட்டினாள், மாடியில் துணி காயப்போட்டாள், சாரல் வந்ததும் ஓடிப்போய் எடுத்தாள், ஸ்கூட்டரின் போர்வையை விலக்கிக் கண்ணாடியைத் துடைத்தாள். எண்பத்திரண்டு பிரஷரோடு இத்தனை வேலை! சில பேர் உடம்பு கடைசிவரை வெளியே காட்டாது என்பார்கள். எங்கள் தலைமையாசிரியர் அப்படித்தான். காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார், மதியம் இல்லை. இந்த உதாரணம் இப்போது எதற்கு வந்தது என்று தெரியவில்லை.

புறவாசலில் கறிவேப்பிலைச் செடி இலை பழுத்து நிற்கிறது. காரணம் புரியவில்லை. தண்ணீர் ஊற்றினேன்.

ஜூன் 8, ஞாயிறு

சண்டை.

காலைச் சாப்பாடு முடிந்ததும் மெதுவாகச் சொன்னேன். ஆபரேஷனை ஆகஸ்டுக்குத் தள்ளிப்போடலாம், நாளைக்கே போன் செய்து சொல்லிவிடுகிறேன் என்று. தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்றால், என் முகம் இருக்கும் திசையைப் பார்த்தாள்.

“என்ன சொல்லுதிய? மெஷின் நூத்தி நாப்பத்தாறுன்னு காட்டுதுன்னு நீங்கதான வாய்விட்டு வாசிச்சிய? நூத்தறுவதுக்குக் கீழதான இருக்கணும்னாவ?”

“அது திருத்தாத எண். உண்மையில் எண்பதுதான்.”

“எண்பது இருக்கிறவ இப்படியா சத்தம் போடுவா?”

போடுகிறவர்களும் உண்டு என்றேன்.

“ரெண்டு மாசமா கோயிலுக்குப் போகணும்னா உங்க கையப் பிடிக்கணும். சந்தைக்குப் போகணும்னா உங்க கையப் பிடிக்கணும். நீங்க கத்திரிக்காய்க் கடையில நின்னு அடர்த்தியப் பத்திப் பாடம் எடுப்பிய, நான் வெயில்ல நிக்கணும். எனக்கு என் வண்டி வேணும். என் கண்ணு வேணும். ஆகஸ்டுங்கிய, தீபாவளிங்கிய, பொறவு பொங்கலுங்கிய!”

பதில் சொல்ல நான்கு காரணங்கள் வைத்திருந்தேன். முதல் காரணத்தின் நடுவிலேயே அவள் குரலை இறக்கிக் கேட்டாள்.

“நான் செத்துருவேன்னு பயப்படுதியளா?”

இந்தக் கேள்விக்கும் அளவீட்டுக்கும் தொடர்பில்லை. அடுப்படிக்குப் போய் மோர் கலக்கினேன். உப்பு டப்பா கைதவறி விழுந்துவிட்டது. கூட்டி அள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மாலை அளந்தது: கு 190/106. உ 148/86.

கடைசியில் ஓர் உடன்பாடு. போன் செய்வதில்லை. பத்தாம் தேதி நேரில் போய் டாக்டரிடம் தாளைக் கொடுப்பது. தாளைப் பார்த்ததும் டாக்டரே தள்ளிவைத்துவிடுவார். எனக்கு அதில் சந்தேகமில்லை.

ஜூன் 9, திங்கள்

முகிலன் போன் செய்தான். அம்மா எப்படி என்றான். நன்றாக இருக்கிறாள் என்றேன். நீங்க எப்படிப்பா என்றான். எனக்கென்ன என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று நடந்ததை உள்ளபடி எழுத வேண்டும்.

டாக்டர் ஷமீமா வெள்ளைத் தாளை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். மறுபடி படித்தார். பிறகு எதிரே உட்கார்ந்திருந்த உலகம்மாளைப் பார்த்தார்.

“அம்மா, நீங்க நடந்தா வந்தீங்க?”

“ஆட்டோல வந்தேன். ஏன்?”

“நேத்து சாயங்காலம் எண்பதுக்கு அம்பத்தெட்டுன்னு போட்டிருக்கு.”

“நான் போடல டாக்டரம்மா. சாரு போட்டாவ.”

நான் சுழிப்பிழையை விளக்கினேன். அவர் மேசையிலிருந்த பேனாவைக் கம்பியாக வைத்துக்கொண்டு, விரல்களைத் திருகு அளவியாக்கி, நன்றாகவே விளக்கினேன். டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார். நல்ல மாணவியாக இருந்திருக்க வேண்டும்.

“திருத்தாத எண் எங்கயாவது இருக்கா சார்?”

கண்டறிந்த எண்களை அழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. நோட்டைக் கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

“உ-ன்னா அம்மா. நூத்தம்பது, நூத்தி நாப்பத்தெட்டு, நூத்தி நாப்பத்தாறு. நல்லா இருக்கே! கு-ன்னா யாரு?”

“நான். ஒப்பீட்டுக்காக.”

டாக்டர் நோட்டை மூடவில்லை. சிஸ்டர் பியூலாவைக் கூப்பிட்டார். முதலில் உலகம்மாளுக்கு முன்கையில் கட்டினார்கள். 148/84. பிறகு டாக்டர் என்னைப் பார்த்து, “சார், நீங்க உக்காருங்க” என்றார்.

“நோயாளி அவள்.”

“ஒப்பீட்டுக்காகத்தான் சார்.”

உட்கார்ந்தேன். என் கைக்குப் பட்டை சரியாகப் பொருந்தியது. மேல்கைதான். 186/104. ஐந்து நிமிடம் விட்டு மறுபடி. 184/104.

நான் சிஸ்டரிடம் சொன்னேன். “இந்தக் கருவியிலும் அதே அளவு பிழை இருக்கிறது.”

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு முதல் எச்சரிக்கையாகப் பட்டது.

டாக்டர் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். “சார், ஒரு அரிசி மூட்டை. உங்க வீட்டுத் தராசுல அறுபது கிலோ காட்டுது. கடைத் தராசுலயும் அறுபது காட்டுது. மூட்டை மேல நாப்பதுன்னு எப்பவோ யாரோ எழுதியிருக்காங்க. நீங்க ரெண்டு தராசையும் திருத்துவீங்களா?”

வகுப்பில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்டதில்லை.

“அந்த நூத்தி இருபது எப்போ பாத்தது சார்?”

“ஓய்வு பெறும்போது. பதினொரு வருடம் ஆகிறது.”

“கையில பட்டை கட்டித்தானே பாத்தாங்க?”

யோசித்தேன். அன்று நாங்கள் ஏழு ஆசிரியர்கள் வரிசையில் நின்றோம். எனக்குப் பின்னால் சமூக அறிவியல் வாத்தியார் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். ‘நல்லாத்தானே இருக்கீங்க?’ என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறேன் என்றேன். எழுதிக் கொடுத்தார்கள். பட்டை கட்டிய ஞாபகம் எனக்கு இல்லை.

இதைச் சொன்னபோது உலகம்மாள் என் கையைப் பிடித்தாள். மேல்கையா முன்கையா என்று கவனிக்கவில்லை.

“பின்மண்ட வலிக்கின்னு தலகாணிய மாத்துனாவளே டாக்டரம்மா! மாடி ஏறுனா எளைக்காவ. நான் கேட்டா சாரல் காத்துங்காவ.”

டாக்டர் நோட்டில் ஓர் ஓரக் குறிப்பைக் கண்டுபிடித்தார். “இது என்ன, உப்பு மோர், ரெண்டு வேளை? நாலஞ்சு நாளாவா? அப்படியும் அம்மாவுக்கு ஏறலையே!”

உலகம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். “செடிக்கு ஊத்திட்டேன்.”

ஆபரேஷன் நாளைக்கு உறுதி. எனக்கு எதிர்வரிசையில் இருக்கும் பொது மருத்துவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, இப்போதே போகச் சொன்னார்கள். போனேன். ஈசிஜி எடுத்தார்கள். இதயம் பரவாயில்லை. இன்னும் ஆறு மாதம் இப்படியே விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் அவர். ஒரு மாத்திரை, காலையில். உப்பைக் குறைக்க வேண்டும்.

ஆட்டோவில் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கும்போது கேட்டாள்.

“எட்டு நாளா எந்தக் கணக்க வச்சு என்னக் கொல்லப் பாத்திய?”

“கழித்தல்” என்றேன்.

அங்கேயே ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போர்வை நழுவி விழும்வரை சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. கண்ணில் நீர் வந்தது சிரிப்பால்தான்.

ஜூன் 11, புதன்

ஆபரேஷன் இருபது நிமிடம். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். வலது கண்ணில் மூடியோடு சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். முதல் பேச்சு: “மாத்திர போட்டாச்சா?” போட்டுவிட்டேன் என்றேன். “எங்க, அட்டையக் காட்டுங்க.” இடது கண்ணுக்கு அட்டை சரியாகத் தெரியாது, ஆனாலும் விரலால் தடவி ஒரு குழி காலியாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டாள்.

ஜூன் 12, வியாழன்

மூடியை எடுத்தார்கள். சுற்றிலும் பார்த்தாள். சிஸ்டர் பியூலாவைப் பார்த்து, “இவ்வளவு சின்னப் பிள்ளையா நீங்க?” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தாள்.

“இந்தச் சட்ட வெள்ளையா? நான் சந்தனக் கலருன்னுல்லா நெனச்சேன். இதப் போட்டுக்கிட்டா நம்ம முகிலன் கல்யாண ஆல்பம் பூரா நிக்கிய?”

ஜூன் 17, செவ்வாய்

பொது மருத்துவர் மறுபடி பார்த்தார். 162/94. இறங்கிக்கொண்டிருக்கிறது, ஆனால் நீங்கள் அளக்கும்போது பேசுகிறீர்கள் என்றார். பட்டையில் காற்று ஏறும்போது பட்டை எப்படி வேலை செய்கிறது என்று நான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேனாம். பேசினால் எண் ஏறுமாம். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, பட்டை தளரும்வரை வாயைத் திறக்காமல் வீட்டில் அளக்க வேண்டும். மெஷின் பொறுப்பை உலகம்மாளிடம் கொடுத்துவிட்டார். என் நோட்டும் இப்போது அவளிடம்தான். இந்த நாட்குறிப்பை மட்டும் நான் வைத்துக்கொள்ள அனுமதி.

ஜூன் 29, ஞாயிறு

144/88. உப்பில்லாத ரசம். இதைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

ஜூலை 12, சனி

நேற்று டாக்டர் ஷமீமா உலகம்மாளின் கண்ணைப் பார்த்துவிட்டு வண்டி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். இடது கண்ணை அக்டோபரில் பார்த்துக்கொள்ளலாமாம். முதலில் தெருவுக்குள் மட்டும் ஓட்டிப் பழகு, ஒரு வாரம் போகட்டும், பிறகு நான் பின்னால் உட்கார்ந்து வழி சொல்கிறேன் என்று நேற்று முழுவதும் அவளிடம் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள்.

இன்று காலை ஏழு மணிக்கு என்னை நாற்காலியில் உட்காரவைத்தாள். கால் தரையில் படிகிறதா என்று பார்த்தாள். ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து நின்றாள். மேல்கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினாள். காற்று ஏறத் தொடங்கியதும் பேசத் தொடங்கினாள்.

“நான் இப்போ கடையநல்லூருக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். வண்டிலதான். தனியா. நீங்க பின்னால இருந்தா ‘எரும, எரும’ன்னு வழி பூரா கத்துவிய. எரும எனக்கு இப்போ நல்லாத் தெரியும். சாயங்காலம் வந்துருவேன். சோறு அடுப்புல இருக்கு. வேண்டாம்னு சொல்லணும்னா இப்பவே சொல்லுங்க.”

பட்டை இறுகிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எண் கெட்டுவிடும். கடையநல்லூர் பாதையில் இரண்டு வளைவுகள், ஒரு ரயில்வே கேட், சந்தை நாள் வேறு.

“சரி அப்போ” என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. முதல் தடவையிலேயே ஆகிவிட்டது. தெருமுனையில் ஹாரன் அடித்தாள். பட்டை தளர்ந்தது. 134/82.

அவளுடைய நோட்டில் எழுதிவைத்தேன். இப்போது மணி ஏழே முக்கால். மறுபடி ஒருமுறை அளந்து பார்க்கலாம் என்று கை போனது. இப்போது அளந்தால் வேறு எண்தான் காட்டும். அவள் வந்த பிறகு அளந்துகொள்ளலாம்.